கருவிக்குப் பக்கத்தில் அமர்பவர்

(கோவை காந்திபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தக் கூட்டத்தைக் காந்திபுரத்தில் வைத்தது பொருத்தம் என்று நினைக்கிறேன். திருப்பூரில் ஏறினாலும் ஈரோட்டில் ஏறினாலும் சத்தியமங்கலத்தில் ஏறினாலும் பஸ் இங்கேதான் வந்து நிற்கிறது. என்னிடம் வரும் குடும்பங்களில் பலர் இந்த நிலையத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி வருகிறவர்கள். மூளையின் அலையைத் திரையில் காட்டிப் பழக்கும் நியூரோஃபீட்பேக் ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று முப்பது நாற்பது அமர்வுகள் வரை போகும். ஒவ்வோர் அமர்வுக்கும் அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் ஒரு நாள் கூலி போகிறது. பிள்ளைக்கு அரை நாள் பள்ளி போகிறது. அந்தக் கூலிக்கும் அந்த அரை நாளுக்கும் ஈடாக அவர்கள் கையில் என்ன கிடைக்கிறது? இதுதான் இன்றைய பேச்சு.

முதல் நாள் வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருவார்கள். “ஏனுங்க மேடம், உங்ககிட்ட இருக்கறது நல்ல மிசினுங்களா?” மோட்டாரும் பம்பும் செய்கிற ஊரில் அந்தக் கேள்வி வருவது இயல்பு. எந்த நாட்டுக் கம்பெனி, எத்தனை சேனல், சாஃப்ட்வேர் புதுசா என்று விவரமாகவே விசாரிப்பார்கள். இதை இயக்குகிறவர் எங்கே படித்தார், யாரிடம் பழகினார், இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன் நான். ஏன் என்று சொல்வதற்கு முன் இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மனிதத் தலையிலிருந்து மூளையின் மின்சாரத்தை முதன்முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர். ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர். முதல் பதிவு 1924இல். வெளியிட்டதோ 1929இல். இடைப்பட்ட காலமெல்லாம் தன் மகனையும் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார். தான் பார்ப்பது மூளையின் அலைதானா, வேறு ஏதாவது கலந்துவிட்டதா என்ற சந்தேகம் அவரை விடவில்லை. தலைத்தோலில் கிடைக்கும் மின்சாரம் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்குதான். அவ்வளவு சன்னமான ஒன்றோடு எதுவும் கலந்துவிடும். பெர்கரின் அந்தச் சந்தேகம்தான் இந்தத் துறையின் முதல் பயிற்சிப் பாடம்.

1950களின் பிற்பகுதியில் சிகாகோவில் ஜோ காமியா ஒரு சோதனை செய்தார். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர் மணி அடித்ததும் தன் மூளையில் அந்த நேரம் ஆல்ஃபா அலை இருக்கிறதா இல்லையா என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். ஆல்ஃபா என்பது வினாடிக்கு 8 முதல் 12 வரை துடிக்கும் அலை. சொன்னது சரியா தவறா என்று உடனே தெரிவித்தால், கொஞ்ச நேரத்தில் ஆட்கள் சரியாகச் சொல்லப் பழகிவிட்டார்கள். அடுத்து, லாஸ் ஏஞ்சலஸில் பேரி ஸ்டெர்மன் பூனைகளோடு வேலை செய்தார். வினாடிக்கு 12 முதல் 15 வரையிலான ஓர் அலை தோன்றும்போதெல்லாம் பூனைக்கு உணவு கிடைக்கும்படி அமைத்தார். பூனைகள் அந்த அலையை அதிகமாக்கக் கற்றுக்கொண்டன. பிறகு ராக்கெட் எரிபொருளான மோனோமெத்தில் ஹைட்ரசீனின் நச்சைச் சோதித்தபோது, அந்தப் பயிற்சி பெற்ற பூனைகளுக்கு வலிப்பு எளிதில் வரவில்லை என்று தெரிந்தது. பூனைக்கு நம்பிக்கையும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. அதனால்தான் அந்த ஆய்வுக்கு அத்தனை மதிப்பு. 1972இல் வலிப்பு நோயாளி ஒருவருக்கு இதே பயிற்சியைக் கொடுத்துக் கட்டுரை எழுதினார் ஸ்டெர்மன். 1976இல் டென்னஸி பல்கலைக்கழகத்தில் ஜோயல் லூபர், ஓரிடத்தில் நில்லாத பிள்ளைகளுக்கு இதைக் கொண்டுவந்தார். நம் ஊர்ப் பெற்றோர் இன்று தேடி வருவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கிளையைத்தான்.

இன்றைக்குக் கருவி உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. உச்சந்தலையில் ஓர் எலெக்ட்ரோடு, காது மடல்களில் இரண்டு, ஒரு லேப்டாப். திரையில் கார்ட்டூன் ஓடும். வேண்டிய அலை கூடினால் படம் பளிச்சென்று தெரியும், குறைந்தால் மங்கும். ஒரு மதியத்தில் இயக்கக் கற்றுக்கொண்டுவிடலாம். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

எலெக்ட்ரோடு ஒட்டுவதிலிருந்தே தொடங்குகிறேன். நம் வீடுகளில் பிள்ளையை வெளியே அழைத்துப் போகிறோம் என்றால் தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, படிய வாரித்தான் கூட்டிப் போவோம். அந்தத் தேங்காய் எண்ணெய் தோலுக்கும் எலெக்ட்ரோடுக்கும் நடுவில் மின்சாரத்தைத் தடுக்கும் படலமாகிவிடுகிறது. அந்தத் தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவந்தால்தான் அலை நம்பத் தகுந்ததாக வரும். ஷாம்பு போட்டு அலசி, ஈரம் உலர்ந்த தலையோடு வரச் சொல்ல வேண்டும். வந்ததும் தோலை மெல்லத் தேய்த்து, பேஸ்ட் வைத்து, அளந்து பார்க்க வேண்டும். எங்கே ஒட்டுவது என்பதற்கும் அளவு உண்டு. மூக்கின் வேர்ப்பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை நாடாவால் அளந்து, பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பிரித்துக் குறிக்கும் முறையை ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958இல் வகுத்தார். நாடாவை எடுக்காமல் கண்மதிப்பில் ஒட்டுகிறவரிடம் உங்கள் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

அலை வந்துவிட்டது. அது மூளையின் அலையா? பிள்ளை கண் சிமிட்டினால் பெரிய மெதுவான அலை ஒன்று எழும். கருவி அதைத் தீட்டா என்னும் மெதுவான மூளை அலை என்று எண்ணிக்கொள்ளும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் பீட்டா என்னும் வேகமான அலையாகக் கணக்கில் சேரும். வியர்த்தால் கோடு முழுவதும் சாய்ந்து நகரும். பக்கத்தில் இன்வெர்ட்டர் ஓடினால் வினாடிக்கு 50 துடிப்பு உள்ளே நுழையும். கவனம் சிதறும் பிள்ளைக்கு வழக்கமாகச் சொல்லும் பயிற்சி, தீட்டாவைக் குறைத்துப் பீட்டாவைக் கூட்டுவது. பல்லைக் கடித்தால் படம் பளிச்சென்று தெரிகிறது என்பதைப் பிள்ளை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். வேண்டுமென்று செய்வதில்லை. உடம்பு தானாகக் கண்டுபிடிக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியவில்லை என்றால், இருபது அமர்வு முடியும்போது அந்தக் குழந்தை தாடையை இறுக்குவதில் நன்றாகத் தேறியிருக்கும். திரையில் வரைபடம் ஏறுமுகமாக இருக்கும். அம்மா சந்தோஷப்பட்டுக் கட்டணம் கட்டிவிட்டுப் போவார். கவனம் பழையபடியே இருக்கும்.

பழகியவர் என்ன செய்வார்? கலர் பட்டைகளையும் மதிப்பெண்களையும் பார்க்காமல், ஓரத்தில் ஓடும் பதப்படுத்தாத அலைக்கோட்டைப் பார்ப்பார். கோட்டை விட அதிகமாகப் பிள்ளையைப் பார்ப்பார். “கண்ணு, வாயைக் கொஞ்சம் தொறந்து வெச்சுக்கோ, நாக்கை லூசா விடு” என்று ஒரு வார்த்தை சொல்வார். தேவையானால் அன்றைய இலக்கைத் தளர்த்துவார். பிள்ளை கொட்டாவி விட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்பார். தூக்கம் பற்றாத மூளையிலும் தீட்டா கூடும். டியூஷன் முடிந்து, வீட்டுப் பாடம் முடிந்து, போன் பார்த்துவிட்டுப் பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிற பிள்ளைக்கு முதல் மருந்து தூக்கம். இந்தப் பார்வையை எந்தப் புத்தகமும் தராது. பக்கத்தில் ஒரு மூத்தவர் உட்கார்ந்து, “இப்ப என்ன பார்க்கறே? அது மூளையா, கழுத்தா?” என்று கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

எலெக்ட்ரோடு ஒட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டியது இன்னும் பெரிது. அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்று சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன். “கூப்ட்டாத் திரும்பறதில்லீங்க, படிக்கறப்ப அப்படியே நின்னு போயிடறானுங்க, கனாக் கண்டுட்டே இருக்கறான்னு டீச்சர் சொல்றாங்க” என்றார் அம்மா. கவனக்குறைவு என்று யாரோ சொல்லி, நியூரோஃபீட்பேக் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டே வந்திருந்தார்கள். முதல் பதிவின்போது அவனை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னோம். இரண்டாவது நிமிடத்தில் அலைக்கோடு எகிறியது. வினாடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர்முனையும் அலையும் மாறி மாறி. சில வினாடிகள், பிறகு ஒன்றும் நடவாததுபோல் பையன் மூச்சு இழுத்து விடுவதைத் தொடர்ந்தான். வலிப்பில் ஒரு வகை அது. கை கால் இழுக்காது, கீழே விழ மாட்டான், நினைவு மட்டும் அறுந்து மீளும். அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினோம். மாத்திரையில் அடங்கியது. அவனுக்கு நியூரோஃபீட்பேக் தேவைப்படவே இல்லை. அந்த அலையை அடையாளம் தெரியாத ஒருவரிடம் அவன் போயிருந்தால், மாதக்கணக்கில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். சாலையைக் கடக்கும்போது ஒரு நாள் நினைவு அறுந்திருக்கும்.

காது கேட்பதில் குறை, தைராய்டு, எழுத்தைக் கோத்துப் படிப்பதில் உள்ள கற்றல் குறைபாடு, வீட்டில் குடி, பள்ளியில் அடி என்று கவனம் சிதற ஆயிரம் காரணம் உண்டு. ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டு வரத் தெரிந்தவர்தான் இந்தச் சிகிச்சையைத் தொடங்கத் தகுதி உடையவர்.

இனி, என் துறைக்குச் சாதகமில்லாத ஒரு செய்தி. பேசாமல் தாண்டிப் போவது சரியல்ல. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 144 பேரை வைத்து அமெரிக்காவில் யூஜீன் ஆர்னால்டும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2021இல் அச்சானது. 142 பேரின் முடிவுகள் கணக்கில் வந்தன. ஒரு பகுதியினருக்கு உண்மையான நியூரோஃபீட்பேக். மற்றவர்களுக்கு, முன்பே பதிவு செய்து வைத்த வேறு அலை. அதன் மேல் அந்தப் பிள்ளையின் கண் சிமிட்டலையும் தசை அசைவையும் சேர்த்துவிட்டார்கள். எது உண்மை, எது போலி என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்த பயிற்சியாளருக்கும் தெரியாது. முடிவு? இரண்டு பக்கமும் நன்றாக முன்னேறினார்கள். 13 மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நின்றது. ஆனால் கவனத்தைப் பொறுத்தவரை, உண்மைச் சிகிச்சை போலியை விட மேல் என்று நிறுவ முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு, எல்லாம் ஏமாற்று என்று கருவியைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. கண்டுகொள்ளாமல் விளம்பரப் பலகையைப் பெரிதாக்கியவர்களும் உண்டு. நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். போலி அலை கிடைத்த பிள்ளையும் ஏன் தேறியது? வாரந்தோறும் ஒரு பெரியவர் அதன் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்தார். அசையாமல் இருந்ததற்குப் பாராட்டினார். ஓரிடத்தில் அமர்ந்து ஒரு வேலையை முடிக்கும் பழக்கம் வளர்ந்தது. வயதும் ஏறியது. பெற்றோரின் எதிர்பார்ப்பும் சேர்ந்திருக்கும். எது எவ்வளவு என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் நன்மையின் பெரும்பங்கு அலைக்கேற்பத் திரை மாறியதிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் கருவிக்குப் பக்கத்தில் அமர்பவரின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி, தேவைப்பட்டால் மனநல மருத்துவர் எழுதும் மருந்து ஆகியவற்றுக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது, இது அவற்றுக்கு அடுத்தபடியே என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அதைச் சொன்னால் வந்தவர் எழுந்து போய்விடக்கூடும். போகட்டும். தன் சிகிச்சையின் எல்லை எதுவென்று தெரிவது பயிற்சியின் ஒரு பகுதி. அதைச் சொல்லும் துணிச்சலும் அப்படித்தான்.

நம் பக்கத்து மாநிலத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில், மருத்துவ உளவியல் துறையின் நரம்பு உளவியல் பிரிவில், ஜமுனா ராஜேஸ்வரனும் அவருடைய மாணவர்களும் தலையில் அடிபட்டவர்களுக்கு நியூரோஃபீட்பேக் கொடுத்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். விபத்து முடிந்து, தையல் பிரித்து, ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகும், நினைவு தங்காமல், சட்டென்று கோபம் வந்து, வேலைக்குத் திரும்ப முடியாமல் இருப்பவர்கள். அவிநாசி சாலையிலும் எல் அண்ட் டி பைபாஸிலும் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து எழுந்த எத்தனையோ பேர் நம்மிடையே இப்படி இருக்கிறார்கள். அந்தக் குழுவின் வேலையில் நான் மதிப்பது இதைத்தான்: அடிபட்ட மூளை முதல் மாதங்களில் தானாகவே ஓரளவு தேறும். அந்தத் தேறுதலைச் சிகிச்சையின் கணக்கில் எழுதிக்கொள்ளாமல் பிரித்துப் பார்க்க முயன்றார்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றை முறையான சோதனைகளால் அளந்தார்கள். இந்த ஒழுக்கம் இல்லாத இடத்தில் எந்தக் கருவியை வைத்தாலும் பலனில்லை.

சரி, பயிற்சி என்றால் எவ்வளவு? இந்தியாவில் மருத்துவ உளவியலராக இருக்க, இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். குழுமத்துக்கான சட்டம் 1992இல் வந்தது. எங்கள் தலைமுறை படித்த எம்.ஃபில் இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. பெரும்பகுதி வார்டில் நோயாளிகளோடுதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலர் யார் என்று வரையறுக்கிறது. ஆனால் நியூரோஃபீட்பேக் யார் கொடுக்கலாம் என்று இந்த இரண்டு சட்டமும் பேசவில்லை. அந்த இடைவெளியில்தான் வார இறுதிச் சான்றிதழ்கள் நுழைகின்றன. 1981இல் அமெரிக்காவில் தொடங்கிய பிசிஐஏ என்ற சான்றளிப்பு அமைப்பு ஓர் அளவு வைத்திருக்கிறது: 36 மணி நேர வகுப்பு, நரம்பியல் அமைப்பு பற்றிய தனிப் பாடம், வழிகாட்டியோடு 25 மணி நேரம், நோயாளிகளோடு 100 அமர்வுகள், 10 கேஸ்களை வழிகாட்டி முன் வைத்து விவாதிப்பது. இவற்றோடு, தானே நோயாளியின் நாற்காலியில் அமர்ந்து 10 அமர்வுகள் பயிற்சி எடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. திரை மங்கும்போது மனம் எப்படிப் பதறுகிறது, முயற்சி செய்யச் செய்ய எப்படி அலை ஓடி ஒளிகிறது என்று தன் உடம்பில் அறிந்தவர் பிள்ளையிடம் “இன்னும் முயற்சி பண்ணு” என்று சொல்ல மாட்டார். வகுப்பறைக்கு 36 மணி நேரம், நோயாளிகளோடு 100 அமர்வுகள். எடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

நம் ஊரிலேயே இந்த விவாதம் ஒரு முறை நடந்திருக்கிறது. ஹோப் காலேஜ் என்று கண்டக்டர் கூவும் நிறுத்தத்தின் பெயருக்குப் பின்னால் கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு இருக்கிறார். 1945இல், அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வரக் காரணமாக இருந்தவர். நான்காண்டுப் படிப்பு மாணவனின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டு போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை, அவர் விலகிவிட்டார். படிப்பைச் சுருக்கலாம் என்று இன்று வாதிடுகிறவர்கள் அவரைத் துணைக்கு அழைப்பது உண்டு. அவர் சுருக்கச் சொன்னது வகுப்பறையின் ஆண்டுகளை. இயந்திரத்தில் கைவைத்துப் பழகுவதை அல்ல. லேத்தில் கை பழகாதவனிடம் எந்தப் பட்டறைக்காரரும் ஷாஃப்ட்டைக் கொடுக்க மாட்டார். குழந்தையின் தலையை மட்டும் ஏன் கொடுக்கிறோம்?

அனுபவம் சொல்லித்தருவதில் முக்கியமானது எப்போது நிறுத்துவது என்பது. சிலருக்குத் தலைவலி வரும், தூக்கம் கெடும், எரிச்சல் கூடும். எலெக்ட்ரோடின் இடத்தை மாற்றுவதா, அலையை மாற்றுவதா, விட்டுவிடுவதா என்று அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். 1989இல் யூஜீன் பெனிஸ்டனும் பால் குல்காஸ்கியும் குடிநோயாளிகளுக்காக அமைத்த ஆல்ஃபா தீட்டா பயிற்சி, ஆளைத் தூக்கத்தின் விளிம்புக்கு அழைத்துப் போகும். அந்த விளிம்பில் பழைய துயரம் ஏதாவது மேலே வரும். நாற்பது வயது ஆண் ஒருவர் நாற்காலியில் தேம்பி அழத் தொடங்கும்போது சாஃப்ட்வேரில் அதற்கொரு பொத்தான் இல்லை. உளச்சிகிச்சை படித்தவர் அங்கே இருந்தாக வேண்டும்.

இந்த அறக்கட்டளையாருக்கும் இங்கே இருக்கும் மருத்துவமனைக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இன்னொரு கருவி வாங்கித் தராதீர்கள். கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பி.எஸ்.ஜி. இருக்கிறது, சிறப்புக் கல்வியில் அனுபவம் உள்ள அவினாசிலிங்கமும் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயமும் இருக்கின்றன. இவர்களில் யாராவது ஓர் அறை கொடுத்தால், மாதம் ஒரு மாலை நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர், மருத்துவ உளவியலர், சிறப்பாசிரியர் எல்லோரும் கூடி அலைக்கோடுகளை விரித்து வைத்துப் பேசலாம். பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு, பெயரை நீக்கிவிட்டு, நம் பிள்ளைகளின் பதிவுகளைப் பாடமாகச் சேர்க்கலாம். பயிற்சிக்கு வரும் இளையவருக்கு அறக்கட்டளை ஓராண்டு உதவித்தொகை கொடுக்கலாம். பெங்களூருக்குப் போய்ப் பழகிவரப் பயணச்செலவு கொடுக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி வைக்க விரும்புகிறேன்: முன்னேற்றம் வராத கேஸைத்தான் முதலில் எடுக்க வேண்டும். வெற்றிக் கதையைச் சொல்ல எல்லோருக்கும் வாய் வரும். எங்கே நின்றது, ஏன் நின்றது, அலை தவறா, நோயறிதல் தவறா, வீடா, பள்ளியா என்று மூத்தவர்கள் வாய்விட்டு யோசிப்பதைக் கேட்டால்தான் இளையவருக்குக் கண் திறக்கும்.

முதல் ஆண்டுக்கான வழிகாட்டிகளில் ஒருவராக, ஊதியம் இல்லாமல், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் நரம்பியல் மருத்துவர்களில் இருவராவது கை தூக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர்களுக்குக் கேள்விகள் இருக்கும். எவ்வளவு நேரமானாலும் இருந்து பதில் சொல்கிறேன். சத்தியமங்கலத்துக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள்.